கூரையின் கீழ்ச் செண்டுமல்லி: கண்ணுக்குத் தெரியாத உரத்துக்கும் கணக்கு வேண்டும்

பூப்பயிர் செய்வோருக்குக் காலமே விலை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் போட்டி போட்டு வாங்கப்படும் செண்டுமல்லி, பூஜை கழிந்த மூன்றாம் நாள் கேட்பாரின்றிச் சந்தையின் மூலையில் கிடப்பதை நிலக்கோட்டையிலும் தோவாளையிலும் கண்டவர் பலர். விலை ஏறும் அப்பருவத்தை ஒட்டியே வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடுகிறது. அடுக்கடுக்கான இதழ்களினிடையே நீர் தங்கினால் பூ அழுகும். நாற்றங்காலில் நீர் தேங்கினால் இளஞ்செடி அடித்தண்டு அழுகிச் சாயும். கையில் காசு வரவேண்டிய வேளையில் கண்ணெதிரே பயிர் கெடுவதைக் காட்டிலும் விவசாயிக்குத் துன்பம் வேறில்லை.

இவ்விடரினின்று தப்புவதற்காகவே நம் அங்கத்தினர் சிலர் கடன் பெற்று மழைக்காப்புக் கூரை அமைத்து, அதன் கீழ்ச் செண்டுமல்லி பயிரிடத் தொடங்கியுள்ளனர். அவர்களிடம் இரண்டு வகைப் பொட்டலங்கள் வந்து சேருகின்றன. ஒன்று, நன்மை செய்யும் நுண்ணுயிர்கள். மற்றொன்று, துத்தநாகம், இரும்பு, போரான் முதலிய நுண்ணூட்டங்கள். இவ்விரண்டும் பயனுடையவை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இவை பயன் தருவதும் தராமற் போவதும் எதைப் பொறுத்தது என்பதை அங்கத்தினர் அறிந்துகொள்வது அவசியம். அதனை ஒரு பெரியவரின் அனுபவத்தைக் கொண்டே கூற விரும்புகிறோம்.

தவணை தவறிய கடன்களைப் பரிசீலிப்பதற்காக நாம் ஒரு சங்கத்துக்குச் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயர் வேண்டா. 10 சென்ட் பரப்பில் கூரை அமைக்கக் கடன் பெற்ற ஓர் அங்கத்தினர் இரண்டு தவணைகள் செலுத்தவில்லை. "பயிர் தவறியது, அங்கத்தினரின் கவனக் குறைவு" என்று பதிவேட்டில் காரணம் எழுதப்பட்டிருந்தது. நாமும் அதனை ஏற்றுக் கையொப்பமிடும் நிலையில்தான் இருந்தோம். அப்போது அப்பெரியவர் தாமே அலுவலகத்துக்கு வந்தார். "ஐயா, சங்கத்தில் கொடுத்த இரண்டு பொட்டலங்களையும் சொன்ன அளவுக்குக் குறையாமல் போட்டேன். பொட்டலத்தில் உயிர் இருக்கிறது என்றார்கள். உயிர் இருந்ததா இல்லையா என்பது எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடையில்லை. அதைத் தேடிச் சென்றபோது அறிந்தவையே இக்கட்டுரையில் காணப்படுபவை.

முதலாவதாக, கூரை போடுவதால் என்ன மாறுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். திறந்த வெளியில் மழையானது பயிருக்கு நீர் ஊட்டுவதோடு, மண்ணில் மிகுந்துவிட்ட உப்பையும் உரத்தையும் வேரெல்லைக்குக் கீழே இறக்கிவிடும் வேலையையும் செய்கிறது. நாம் செய்யும் தவறுகளில் பாதியை மழையே திருத்திவிடுகிறது என்று கூறலாம். கூரையின் கீழ் அத்திருத்தம் இல்லை. ஒரு பிடி கூடுதலாக இட்டால் அது அங்கேயே நிற்கும்; அடுத்த பருவத்தில் இன்னொரு பிடி அதன்மேற் சேரும். ஆதலின் வெளியில் பொறுக்கக்கூடிய பிழை கூரைக்குள் பொறுக்கலாகாத பிழையாகிறது.

கூரையின் வகையையும் கவனித்தல் வேண்டும். செண்டுமல்லி வெயிலை விரும்பும் செடி. ஒளியைப் பாதியாகக் குறைக்கும் பச்சை நிழல்வலை நாற்றுக்குத் தகும். பூக்கும் பயிருக்குத் தகாது. நிழலில் தண்டு நெடிதாக வளரும், பூ குறையும். பூக்கும் பயிருக்கு ஒளி ஊடுருவும் தெளிந்த தாளினாலான கூரையும், காற்றோட்டத்துக்காகப் பக்கங்களில் பூச்சிவலையுமே ஏற்றவை. வெப்பம் வெளியேற வழியில்லாத கூடத்தில் எந்த உரமும் பூவைப் பெருக்கமாட்டாது.

இனி நுண்ணுயிர்களைப் பார்ப்போம். அசோஸ்பைரில்லம் என்னும் பாக்டீரியா வேரைச் சுற்றியும் வேரின் உள்ளும் வாழ்ந்து, காற்றிலுள்ள நைட்ரஜனில் ஒரு சிறு பகுதியைப் பயிருக்கு உதவுகிறது. வேர்த்தூவிகள் பெருகுவதற்கான வளர்ச்சிப் பொருளையும் சுரக்கிறது. இவ்வினத்தை 1925-ஆம் ஆண்டில் நெதர்லாந்து அறிஞர் பெய்ஜெரிங்க் வேறொரு பெயரால் விவரித்தார். 1970-களில் பிரேசிலில் யோகன்னா டொபெரெய்னர் அம்மையார் செய்த ஆய்வுகளுக்குப் பின்னரே அதன் வேளாண்மைப் பயன் உலகறிய விளங்கிற்று. பாஸ்போபாக்டீரியா கரிம அமிலங்களைச் சுரந்து, மண்ணில் கரையாமற் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கிறது. வேர் உட்பூசணம் வேரினுள் புகுந்து, தன் மெல்லிய இழைகளை வேர் எட்டாத இடத்துக்கும் நீட்டி, மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் ஈர்த்து வருகிறது. டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் ஆகிய இரண்டும் நாற்றழுகல், வாடல் முதலிய நோய்களை உண்டாக்கும் பூசணங்களை எதிர்த்து நிற்கின்றன.

இவை செய்யாதவற்றையும் கூறிவிடுதல் நேர்மை. இவை தொழுவுரத்துக்கு ஈடல்ல. தொழுவுரமில்லாத வறண்ட மண்ணில் இவை நிலைப்பதும் இல்லை. இவற்றை நம்பி அடியுரத்தை முழுவதும் நிறுத்துவதும் தவறு. அன்றியும், மணிச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இட்ட மண்ணில் வேர் உட்பூசணம் வேரோடு சேர்வது குறையும். அதே மிகுதி, பயிர் துத்தநாகம் பெறுவதையும் தடுக்கும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது போன்றது இது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இவை உயிருள்ளவை. யூரியா மூட்டையைத் தகரக் கூரையின் கீழ் ஓராண்டு வைத்தாலும் அது யூரியாவே. நுண்ணுயிர்ப் பொட்டலத்தை அவ்வாறு வைத்தால் ஒரு கோடையில் அது வெறுங் கரித்தூளாகிவிடும். 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் உயிர் உரங்கள் 2006-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. அதன்படி, தூள் வடிவான அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகியவற்றில் கிராம் ஒன்றுக்கு 5 கோடி உயிரணுக்களும், திரவ வடிவானவற்றில் மில்லிலிட்டர் ஒன்றுக்கு 10 கோடி உயிரணுக்களும் குறைந்த அளவாக இருத்தல் வேண்டும். உற்பத்தி நாளும் காலாவதி நாளும் பொட்டலத்தின் மேல் அச்சிடப்பட்டிருக்கும்.

மேற்கூறிய சங்கத்தின் கிடங்கைத் திறந்து பார்த்தோம். எஞ்சிய பொட்டலங்கள் தகரக் கூரைக்கு அடியில், உர மூட்டைகளின் மேலே அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் காலாவதி நாள், பெரியவருக்கு விநியோகித்த நாளுக்கு முன்பே கடந்திருந்தது. இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. காலாவதி நாளை எழுதுவதற்கு அதில் ஒரு பத்தியே இல்லை. அதற்கு முந்தைய தணிக்கையில் அப்பதிவேட்டைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டவர்களும் நாமே. பொட்டலங்களை எண்ணினோமேயன்றி, அவற்றுள் எண்ணப்படவேண்டிய உயிர் ஒன்று உண்டு என்பதை எண்ணினோமில்லை.

இரண்டாவது பொட்டலம் நுண்ணூட்டம். போரான் இன்றிப் பயிர் வாழாது என்பதை 1923-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் காதரின் வாரிங்டன் அம்மையார் நிறுவினார். துத்தநாகத்தின் இன்றியமையாமையை 1926-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சோமர், லிப்மன் ஆகிய இருவரும் நிலைநாட்டினர். பாவில் ஆயிரம் இழைகள் இருப்பினும் ஓரிழை அறுந்தால் துணி முழுவதும் கோடு விழும் என்பதை நம் நெசவாளத் தோழர்கள் அறிவார்கள். நுண்ணூட்டக் குறைவும் அத்தகையதே. துத்தநாகம் குறைந்தால் இலை சிறுத்துக் கணுவிடை குறுகும். இரும்பு குறைந்தால் இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். போரான் குறைந்தால் குருத்து கருகும்; பூ வடிவிழக்கும்.

ஆனால் இழை குறைவது மட்டுமே பிழையன்று. ஒரே பல்லில் இரண்டு இழைகள் புகுந்தாலும் நெசவு கெடும். செண்டுமல்லியில் இதற்குத் தெளிவான சான்று உண்டு. அமெரிக்கப் பசுமைக்குடில்களில் வளர்ந்த செண்டுமல்லி இலைகளில் வெண்கல நிறமான சிறு புள்ளிகள் தோன்றி, இலை ஓரம் காய்ந்து வந்தது. அது நோயன்று, இரும்பு மிகுந்ததன் விளைவே என்பதை 1996-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று விளக்கிற்று. வளர்ப்பூடகம் அமிலத் தன்மை அடையும்போது இரும்பும் மாங்கனீசும் மிகுதியாகக் கரைகின்றன. செண்டுமல்லியோ அவற்றை வரம்பின்றி உறிஞ்சும் இயல்புடையது. கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு தன்னையே கெடுத்துக்கொள்ளும் செடி அது.

பெரியவருக்கு நேர்ந்ததும் இதுவே. தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் நாற்று விட்டிருந்தார். அம்மோனிய உரக் கரைசலைத் தொடர்ந்து ஊற்றியதால் ஊடகம் அமிலமாகிவிட்டது. நுண்ணூட்டக் கலவையையும் வாரந்தோறும் ஊற்றினார். இலையில் புள்ளி கண்டதும் நோயென்று எண்ணிப் பூசணக்கொல்லி தெளித்தார். மருந்து கேளாததால் சத்துக் குறைவென்று எண்ணிக் கலவையை இரட்டித்தார். நாற்று முழுவதும் கருகிற்று. மறுபடி விதைத்து நாற்று எடுக்க ஒரு திங்கள் கடந்தது. ஆயுத பூஜைச் சந்தை கைவிட்டுப் போயிற்று. தீபாவளிக்கு முதற் பறிப்பு மட்டுமே சென்றது. தவணை தவறியதன் காரணம் இதுவேயன்றிக் கவனக் குறைவன்று. உண்மையில் அவர் காட்டியது மிகையான கவனம்; வழிகாட்டுதல்தான் குறைவாயிற்று. பதிவேட்டில் எழுதிய காரணத்தை அடித்துத் திருத்தி எழுதுவித்தோம்.

எஞ்சியிருந்த ஊடகத்தையும் பாத்தி மண்ணையும் மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பினோம். ஊடகத்தின் அமில-கார அளவு 5.5-க்கும் கீழே இருந்தது. பாத்தி மண்ணில் இரும்பு போதிய அளவு இருந்தது. துத்தநாகம் மட்டுமே குறைவு. ஆக, குறைந்த சத்து ஒன்று. வாங்கிய சத்துகள் ஐந்து. தேவையில்லாத நான்குக்கும் அவர் கடன் வாங்கிய பணத்தில் விலை கொடுத்திருந்தார்.

இவ்வனுபவத்திலிருந்து, 10 சென்ட் கூரைக்கு வேண்டிய அளவுகளைக் கணக்கிட்டுக் கீழே தருகிறோம். 10 சென்ட் என்பது ஏறத்தாழ 400 சதுர மீட்டர். ஹெக்டேரில் 25-ல் ஒரு பங்கு. ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரம் என்னும் கணக்கில் இதற்கு 1 டன் வேண்டும். அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் ஹெக்டேருக்கு 2 கிலோ வீதம் இடுவது வழக்கம். 10 சென்டுக்கு ஒவ்வொன்றும் 80 கிராம் போதும். இவற்றை 4 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, நடவுக்கு முன் ஈரமுள்ள பாத்தியில் மாலை வேளையில் இடவேண்டும். டிரைக்கோடெர்மா 100 கிராமை 2 கிலோ தொழுவுரத்தில் கலந்து இடலாம். இரசாயன உரத்தோடு இவற்றை ஒன்றாகக் கலத்தல் கூடாது. பூசணக்கொல்லி ஊற்றிய மண்ணில் உடனே டிரைக்கோடெர்மாவை இடுவதும் வீண். அதுவும் ஒரு பூசணமே அன்றோ? வேர் உட்பூசணத்தை வேரில் படும்படி குழித்தட்டு ஊடகத்திலேயே கலந்துவிடுவது நலம்.

மண் பரிசோதனை துத்தநாகக் குறைவைக் காட்டினால் மட்டும், ஹெக்டேருக்கு 25 கிலோ என்னும் கணக்கில் 10 சென்டுக்குத் துத்தநாக சல்பேட் 1 கிலோ இடலாம். இதனை மணிச்சத்து உரத்தோடு கலவாமல் தனியே இடுக. பயிரில் குறைவு தோன்றினால் லிட்டர் நீருக்குத் துத்தநாக சல்பேட் 5 கிராம், நீற்றிய சுண்ணாம்பு 2.5 கிராம் சேர்த்து வடிகட்டி இலைவழி தெளிக்கலாம். முதலில் பத்துச் செடிகளில் தெளித்து, இலை கருகவில்லை என்று கண்ட பின்னரே மற்றவற்றுக்குத் தெளிக்க வேண்டும். குழித்தட்டு ஊடகத்தின் அமில-கார அளவு 6-க்கும் 6.5-க்கும் இடையில் நிற்குமாறு பார்த்துக்கொள்க. வெண்கலப் புள்ளி கண்டால் முதலில் செய்யவேண்டியது எதையேனும் தெளிப்பதன்று. கலவை ஊற்றுவதை நிறுத்துவதே.

செடிக்குச் செடி 35 சென்டிமீட்டரும் வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும் விட்டால், நடைபாதை போக ஏறத்தாழ 2,000 செடிகள் நடலாம். நட்ட 30-ஆம் நாள் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். இரண்டு பயிர்களுக்கு இடையே கூரைத் தாளைச் சுருட்டி ஒன்றிரண்டு மழையை உள்ளே விடுவது, தங்கிய உப்பு இறங்குவதற்குச் செலவில்லாத வழி.

நெசவாள அங்கத்தினர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நிலக்கோட்டையில் பூச்சந்தையும், அதே திண்டுக்கல் மாவட்டத்துச் சின்னாளபட்டியில் தறிகளும் இருக்கின்றன. விலை வீழ்ந்த நாளில் குப்பைக்குப் போகும் செண்டுமல்லி இதழைக் கொதிக்கவைத்தால் மஞ்சட்சாயம் இறங்கும். படிகாரம் ஏற்றிய பட்டில் அது நன்கு பற்றும். பருத்தி நூலுக்கு முன்னதாகக் கடுக்காய் ஏற்றிப் பின்னர்ப் படிகாரம் இடுதல் வேண்டும். கடுக்காயும் படிகாரமும் நம் சாயத் தொட்டிகளுக்குப் புதியவை அல்ல. சில நூற்கழிகளைச் சாயமேற்றி, வெயிலிலும் சலவையிலும் நிறம் நிற்கிறதா என்று பார்த்துக் குறித்துவைக்க இரு சங்கங்களும் கூடிச் செய்யும் சிறு முயற்சியே போதும்.

இறுதியாக, சங்கங்கள் செய்யவேண்டியவை மூன்று. ஒன்று, மண் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் நுண்ணூட்டம் விநியோகித்தல் கூடாது. இரண்டு, நுண்ணுயிர்ப் பொட்டலங்களுக்கென இருப்புப் பதிவேட்டில் உற்பத்தி நாள், காலாவதி நாள் ஆகிய இரு பத்திகளைச் சேர்த்து, பருவத்துக்கு வேண்டிய அளவை மட்டும் வாங்கி, வெயில் படாத குளிர்ந்த அறையில் வைத்தல் வேண்டும். ஒரு 200 கிராம் பொட்டலம் இருவர்க்குப் போதுமாதலால், கூட்டாக வாங்கி உடனுக்குடன் பகிர்வது எளிது. மூன்று, ஒவ்வொரு கூரையின் கீழும் ஒரு பாத்தியை இவ்விரண்டும் இடாமல் ஒப்புநோக்குக்கென விட்டுவைத்து, பறிப்புதோறும் எடை எழுதுதல் வேண்டும்.

இம்மூன்றாவது முறையைப் பெரியவர் அடுத்த பருவத்தில் கைக்கொண்டார். நாற்று முழுவதையும் புதிய ஊடகத்தில் கலவை ஊற்றாமலே வளர்த்தார், புள்ளியின்றி வந்தது. நட்டபின், உயிருள்ள நுண்ணுயிர்களைப் பெற்ற பாத்திகளில் செத்த செடிகள், ஒப்புநோக்குப் பாத்தியைக் காட்டிலும் குறைந்தன. செடி ஒன்றுக்குரிய பூவின் எடையிலோ பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. துத்தநாகம் இட்ட பாத்திகள் சற்று முன்னதாகப் பூத்தன. இவ்வளவே பயன். விளம்பரத் தாள்கள் கூறுவதைவிட இது மிகச் சிறியது; ஆனால் அவர் கையாலேயே எழுதப்பட்ட கணக்கு. முன்பு செலவிட்டதில் ஒரு சிறு பகுதியே இம்முறை செலவாயிற்று. ஆயுத பூஜைச் சந்தைக்குப் பூ சென்றது. நிலுவையில் இருந்த தவணைகளில் ஒன்றை அவ்வாரத்திலேயே செலுத்தினார். மற்றது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

அதைச் செலுத்த வந்தபோது தம் எடைக் குறிப்பேட்டை நம்மிடம் நீட்டி, "ஐயா, பொட்டலத்தில் உயிர் இருந்ததா என்று இனி நான் உங்களைக் கேட்கவேண்டியதில்லை. எந்தப் பாத்தியில் எத்தனை செடி நின்றது என்று இதில் இருக்கிறது. இதையும் சரிபாருங்கள்" என்றார். சரிபார்த்தோம். கூட்டல் சரியாகவே இருந்தது.